கிராஃபீன் ஆக்சைடுக்கு இசட்-ஸ்கேன்: வெப்பத்தையும் எலக்ட்ரானையும் பிரித்து அளக்க

லேசர் ஒளியில், கார்பன் படலமான கிராஃபீனின் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறுகிறது என்ற கேள்விக்கு, 2012-இல் வந்த ஓர் இசட்-ஸ்கேன் அளவீடு (மாதிரியை லேசர் குவியத்தின் வழியே நகர்த்தி, கடந்துவரும் ஒளியை வளைகோடாக அளக்கும் முறை) வாட்டுக்கு 10⁻⁷ சதுர சென்டிமீட்டர் அளவில் நேர்க்குறி மதிப்பைச் சொன்னது. 2016-இல் வேறொரு முறையில் அளந்தவர்களுக்குக் கிடைத்தது எதிர்க்குறி. அதோடு மதிப்பும் ஏறத்தாழ நூறு மடங்கு சிறியது. இரு தரப்பும் கவனமாக வேலை செய்தவர்கள்தான். கிராஃபீன் ஆக்சைடு (ஆக்சிஜன் ஏறிய கிராஃபீன்), ஒடுக்கப்பட்ட கிராஃபீன் ஆக்சைடு (அந்த ஆக்சிஜனில் பெரும்பகுதியை நீக்கியது), பாலிமரில் கலந்த மென்படலம் என்று இறங்கினால் மதிப்புகள் இன்னும் சிதறிக் கிடக்கும். துடிப்பு எவ்வளவு நீளம், நொடிக்கு எத்தனை துடிப்பு, கரைப்பான் எது, எந்த ஒளிச்செறிவில் அளந்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன.

ஆய்வகத்தில் இசட்-ஸ்கேன் மேசையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாக வரும் ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் வளைகோடு வந்ததும் பொருத்திவிட்டு எண்ணை எழுதிவிடத் துடிப்பார்கள். அந்த வளைகோட்டில் எவ்வளவு எலக்ட்ரான்களின் வேலை, எவ்வளவு வெப்பத்தின் வேலை, எவ்வளவு வெறும் சிதறல் என்று பிரிக்காமல் எழுதும் எண்ணை அடுத்தவர் எதற்கும் பயன்படுத்த முடியாது. இந்த வழிகாட்டியை அதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். எடுத்துக்காட்டு: நீரில் கலந்த கிராஃபீன் ஆக்சைடு, 532 நானோமீட்டர் பச்சை ஒளி, 5 நானோநொடித் துடிப்பு, நொடிக்கு 10 துடிப்பு தரும் என்டி-யாக் லேசர்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

ஓர் அணு தடிமன் உள்ள கிராஃபீன் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 2.3 விழுக்காட்டை உறிஞ்சும். ஒளி பலமாக விழுந்தால், மேலே போக வேண்டிய எலக்ட்ரான்களுக்கு அங்கே காலி இடம் இருக்காது, உறிஞ்சல் குறையும். இதுதான் தெவிட்டும் உறிஞ்சல். 2009-இலிருந்து கிராஃபீனை வைத்து லேசர்களில் மீக்குறுந் துடிப்புகளை உருவாக்குவதற்கு அடிப்படை இதுவே. கிளர்ந்த எலக்ட்ரான்கள் தங்களுக்குள் ஆற்றலைப் பகிர்ந்துகொள்ள நூறு ஃபெம்டோநொடி அளவுதான் ஆகும். அணிக்கோவைக்கு (அணுக்களின் ஒழுங்கான அடுக்குக்கு) ஆற்றலைக் கொடுத்துக் குளிர்வதற்குப் பிக்கோநொடிகள். நானோநொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிக்கோநொடி, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபெம்டோநொடி. ஆக, 5 நானோநொடித் துடிப்பு என்பது கிராஃபீன் எலக்ட்ரான்களுக்கு ஒரு யுகம். துடிப்பு முடிவதற்குள் அவை பலமுறை ஏறி இறங்கிவிடும், அந்த ஆற்றலெல்லாம் வெப்பமாகக் கரைப்பானுக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

கிராஃபீன் ஆக்சைடில் கூடுதல் சிக்கல். ஆக்சிஜன் ஏறாத சிறு தீவுகள் கிராஃபீன் மாதிரி நடந்துகொள்ளும். ஆக்சிஜன் ஏறிய பகுதிகளுக்கு ஆற்றல் இடைவெளி பெரிது. 532 நானோமீட்டர் ஃபோட்டானின் 2.33 எலக்ட்ரான்வோல்ட் தனியாக அதைத் தாண்டுவது கடினம், இரண்டு சேர்ந்தால் தாண்டும். ஆகவே குறைந்த செறிவில் தெவிட்டும் உறிஞ்சல், செறிவு ஏறும்போது இரு-ஃபோட்டான் உறிஞ்சல், அதோடு ஏற்கெனவே கிளர்ந்த எலக்ட்ரான் இன்னொரு ஃபோட்டானை விழுங்கும் கிளர்நிலை உறிஞ்சல், இவை மூன்றும் ஒரே வளைகோட்டுக்குள் வரும். பிக்கோநொடித் துடிப்பில் இரு-ஃபோட்டான் உறிஞ்சல் முன்னுக்கு நிற்கும், நானோநொடியில் கிளர்நிலை உறிஞ்சல் மேலோங்கும். ஒரே குப்பியிலிருந்து எடுத்த இரண்டு மாதிரிகளை இரண்டு லேசர்களில் அளந்தால் இரண்டு விடை வருவது இயல்பு.

மாதிரியைத் தயார் செய்வது

ஹம்மர்ஸ் முறையில் (1958) செய்த கிராஃபீன் ஆக்சைடை நீரில் போட்டு, மீயொலித் தொட்டியில் வைத்துப் பிரியுங்கள். நீர் சூடேறாமல் அவ்வப்போது பனிக்கட்டி சேருங்கள். மீயொலிக் கோலை நேரடியாக அமிழ்த்தி நெடுநேரம் ஓட்டினால் தகடுகள் நொறுங்கி அளவு மாறிவிடும். அந்த மாதிரியை வேறொன்றோடு ஒப்பிட முடியாது. பிறகு மையவிலக்கியில் சுற்றி, அடியில் தங்கும் கட்டிகளை விட்டுவிட்டு மேலே உள்ள தெளிவை மட்டும் எடுங்கள்.

தூசி என்பது இசட்-ஸ்கேனுக்கு விரோதி. ஆனால் மாதிரியை நுண்வடிகட்டியில் விடாதீர்கள். 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டி தூசியோடு பெரிய கிராஃபீன் தகடுகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கரைப்பானைக் கலப்பதற்கு முன்பே வடிகட்டிவிடுங்கள்.

அடர்த்தியை மில்லிகிராம் கணக்கில் முடிவு செய்யாமல் ஒளி கடப்பதை வைத்து முடிவு செய்யுங்கள். 1 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் குவெட்டில் (மாதிரியை ஊற்றும் ஒளிபுகும் சிறு கலம்), 532 நானோமீட்டரில், 70 விழுக்காடு ஒளி கடக்கும்வரை நீர்த்துக்கொள்வது என் வழக்கம். அதற்கு உறிஞ்சல் குணகம் சென்டிமீட்டருக்கு 3.57, ஒளி வழியிலேயே மங்குவதையும் கணக்கில் எடுத்தால் பயனுள்ள நீளம் 0.84 மில்லிமீட்டர். பல மாதிரிகளை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் இதே 70-க்குக் கொண்டுவந்துவிட்டால் பாதிச் சச்சரவு தீரும்.

லேசரில் வைக்கும் முன் புற ஊதா முதல் கட்புலம் வரையிலான உறிஞ்சல் நிறமாலையை எடுத்துச் சேமியுங்கள். கிராஃபீன் ஆக்சைடுக்கு 230 நானோமீட்டர் அருகே ஒரு முகடு, 300 அருகே ஒரு தோள் தெரியும். ஒடுக்கப்பட்டால் அந்த முகடு 270 பக்கம் நகரும். இந்த நிறமாலை பின்னால் சாட்சியாக வேண்டியிருக்கும்.

மேசை

லேசர், அரையலைத் தகடும் முனைவாக்கியும் (ஆற்றலைக் கூட்டிக் குறைக்க), கற்றைப் பிரிப்பான், ஒப்பீட்டு டிடெக்டர், லென்ஸ், மாதிரியை நகர்த்தும் மேடை, அதற்குப் பின்னால் துளையும் டிடெக்டரும். 1989-90-இல் ஷேக்-பஹாயியும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட அமைப்பு இன்றும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. குவியத்தின் வழியாக மாதிரியை முன்னும் பின்னும் நகர்த்தி, கடந்துவரும் ஒளியை அளக்கிறீர்கள், அவ்வளவுதான். முழு ஒளியையும் சேர்த்து அளந்தால் உறிஞ்சல் மாற்றம் தெரியும் (திறந்த துளை). நடுவில் ஒரு பகுதியை மட்டும் விட்டு அளந்தால் ஒளிவிலகல் மாற்றமும் சேர்ந்து தெரியும் (மூடிய துளை).

லென்ஸைப் பொறுக்கும்போது ஒரு கணக்கு போட்டுவிடுங்கள். லென்ஸில் விழும் கற்றையின் ஆரம் 1.7 மில்லிமீட்டர், குவியத் தூரம் 20 சென்டிமீட்டர் என்றால் குவியத்தில் ஆரம் 20 மைக்ரோமீட்டர். அதன் ரேலி நீளம் (குவியத்திலிருந்து கற்றை அதிகம் விரியாமல் இருக்கும் தூரம்), அதாவது பை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம் வகுத்தல் அலைநீளம், 2.4 மில்லிமீட்டர். மாதிரியின் தடிமன் இதைவிடக் குறைவாக இருந்தால்தான் எளிய வாய்பாடுகள் செல்லும். 1 மில்லிமீட்டர் குவெட் சரி. 10 மில்லிமீட்டர் குவெட்டை வைத்து மெல்லிய மாதிரியின் வாய்பாட்டில் பொருத்திய வேலைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அத்தனை உழைப்பும் முதல் படியிலேயே வீணாகிறது.

கணக்கில் வந்த 20 மைக்ரோமீட்டரை நம்பிவிடாமல் அளந்து பாருங்கள். ஆற்றலை நன்றாகக் குறைத்துக்கொண்டு, ஒரு சவரப் பிளேடை மேடையில் நிறுத்தி, குவியத்தில் கற்றைக்குக் குறுக்கே நகர்த்துங்கள். கடக்கும் ஒளி 84 விழுக்காட்டிலிருந்து 16-க்குக் குறைய பிளேடு நகர்ந்த தூரம்தான் கற்றையின் ஆரம். செறிவு ஆரத்தின் வர்க்கத்தால் வகுபடுவதால், ஆரத்தில் 10 விழுக்காடு பிசகினால் செறிவில் 20 விழுக்காடு பிசகும்.

உச்சச் செறிவு இப்படி வரும்: துடிப்பு ஆற்றலை 0.94 ஆல் பெருக்கித் துடிப்பு அகலத்தால் வகுத்தால் உச்சத் திறன். அதை இரண்டால் பெருக்கி, குவியத்தின் பரப்பால் வகுத்தால் மையச் செறிவு. 10 மைக்ரோஜூல், 5 நானோநொடி, 20 மைக்ரோமீட்டர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 ஜிகாவாட். குவெட்டின் முன்சுவர் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி அணியாமல் லேசரைத் திறக்காதீர்கள். 532-க்கும் 1064-க்கும் சேர்த்துக் காக்கும் கண்ணாடி வேண்டும், ஏனென்றால் பச்சை ஒளிக்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு மிச்சமிருக்கலாம். குவெட்டை ஒரு நூலிழை சாய்த்து வையுங்கள்; திரும்பும் கற்றை லேசருக்குள்ளேயே போகாது. அந்தக் கற்றை எங்கே போய் விழுகிறது என்று பார்த்து அங்கே ஒரு தடுப்பு வையுங்கள்.

அளக்கும் வரிசை

மாதிரியைத் தொடுவதற்கு முன் கார்பன் டைசல்ஃபைடை அளந்து மேசையைச் சரிபாருங்கள். நானோநொடித் துடிப்பில் அதன் ஒளிவிலகல் மாற்றக் குணகம் (செறிவோடு ஒளிவிலகல் எண் மாறும் வீதம்) வாட்டுக்குச் சுமார் 3×10⁻¹⁴ சதுர சென்டிமீட்டர். நம் செறிவில், 1 மில்லிமீட்டர் நீளத்தில், 40 விழுக்காடு ஒளியை விடும் துளையோடு, முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே 2.5 முதல் 3 விழுக்காடு வித்தியாசம் வர வேண்டும். வந்தால் மேசை சரி. வராவிட்டால் கிராஃபீனை எடுக்க வேண்டாம், கற்றையை மறுபடி பாருங்கள். இந்தத் திரவம் நச்சு, எளிதில் ஆவியாகும், சட்டென்று தீப்பற்றும். புகைபோக்கிக்கு அடியில் நிரப்பி, மூடி இறுக்கிய குவெட்டில்தான் மேசைக்கு வர வேண்டும்.

அப்புறம் வெறும் நீர், அதே குவெட், அதே ஆற்றல். கோடு நேராக இருந்தால் கரைப்பானும் சுவரும் குழப்பவில்லை என்று தெரியும்.

இனி மாதிரி. குவியத்துக்கு இருபுறமும் 25 மில்லிமீட்டர் வரை போங்கள். நடுவில் அடுத்தடுத்த புள்ளிகள் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கட்டும், ஓரங்களில் இரண்டு மில்லிமீட்டர் போதும். இந்த வகை லேசரில் துடிப்புக்குத் துடிப்பு ஆற்றல் சில விழுக்காடு ஆடும். ஆகவே ஒவ்வொரு துடிப்புக்கும் ஒப்பீட்டு டிடெக்டரோடு விகிதம் எடுத்து, ஒரு புள்ளிக்குச் சில பத்துத் துடிப்புகளைச் சராசரி செய்யுங்கள். முதலில் மிகக் குறைந்த ஆற்றலில் ஒரு ஓட்டம். குவெட் சுவரின் குறைகளால் வரும் மேடு பள்ளம் அதில் தெரியும், அதைக் கழித்துவிடலாம். பிறகு வேலை ஆற்றலில் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாவிட்டால் அளக்கும்போதே மாதிரி மாறுகிறது என்று அர்த்தம். தகடுகள் அடியில் படிகின்றன, அல்லது லேசரே அவற்றை ஒடுக்குகிறது.

இந்த இரண்டாவதை லேசாக எடுக்க வேண்டாம். பலமான ஒளி கிராஃபீன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும். பழுப்பு நிறம் கறுக்கும். முன்பு சேமித்த நிறமாலையோடு, அளந்த பிறகு எடுத்ததை ஒப்பிடுங்கள். 230-இல் இருந்த முகடு சரிந்து, நீண்ட அலைநீளங்களில் உறிஞ்சல் கூடியிருந்தால் உங்கள் வளைகோட்டின் முதல் பாதி ஒரு பொருளுடையது, மறுபாதி இன்னொரு பொருளுடையது. ஆற்றலைக் குறையுங்கள், புதிய மாதிரியை நிரப்புங்கள். மென்படலம் என்றால் குவெட்டில் போல மாதிரி கலந்து புதிதாவதும் கிடையாது. ஒளி பட்ட இடம் பட்டதுதான். புள்ளிக்குப் புள்ளி கற்றைக்குக் குறுக்கே புதிய இடத்துக்கு நகர்த்த வேண்டும், அதற்குப் படலத்தின் தடிமன் எங்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

பிரித்தறிதல்

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். நான்கு சோதனைகளைச் சொல்கிறேன். எதையும் தவிர்க்க வேண்டாம்.

ஆற்றலை மாற்றிப் பார்ப்பது. திறந்த துளை வளைகோட்டை நான்கைந்து ஆற்றல்களில் எடுங்கள். குறைந்த ஆற்றலில் குவியத்தில் மேடு வரும், தெவிட்டுகிறது. ஆற்றல் கூடினால் மேட்டின் உச்சியில் ஒரு குழி விழும். இன்னும் கூடினால் குழி மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு வளைகோட்டையும் தெவிட்டல், இரு-ஃபோட்டான் என்ற இரண்டு உறுப்புகளைச் சேர்த்துப் பொருத்துங்கள். உண்மையான இரு-ஃபோட்டான் உறிஞ்சல் என்றால் அதன் குணகம் எல்லா ஆற்றலிலும் ஒன்றாகவே இருக்கும். ஆற்றலோடு சேர்ந்து அது ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது: கிளர்நிலை உறிஞ்சல், சிதறல் போன்றவை. அப்படியானால் அந்த எண்ணை "பயனுறு குணகம்" என்று மட்டும் எழுதுங்கள், எந்தச் செறிவில் என்றும் சேர்த்து.

கையில் ஒரு மதிப்பீடு இருக்கட்டும். குழியின் ஆழம் 10 விழுக்காடு என்று வைப்போம். அதை 2.83 ஆல் பெருக்கினால் 0.283. இதை 0.3 ஜிகாவாட் செறிவாலும் 0.084 சென்டிமீட்டர் நீளத்தாலும் வகுத்தால், ஜிகாவாட்டுக்குச் சுமார் 11 சென்டிமீட்டர். கணினி பொருத்தித் தரும் எண் இதிலிருந்து வெகுதூரம் விலகினால், அலகு எங்கோ தவறியிருக்கிறது.

சிதறலைத் தனியே பார்ப்பது. நானோநொடித் துடிப்பு கிராஃபீன் தகட்டைச் சூடாக்கி, சுற்றியுள்ள கரைப்பானை ஆவியாக்கி, நுண்குமிழிகளை உருவாக்கும். அந்தக் குமிழிகள் ஒளியை நாலாபுறமும் வாரி இறைக்கும். டிடெக்டருக்கு ஒளி வரவில்லை என்பதால் அது உறிஞ்சல் போலவே தோன்றும். கற்றையிலிருந்து 40 பாகை விலகி இன்னொரு டிடெக்டரை வையுங்கள். உள்ளே போகும் ஆற்றலுக்கு ஏற்ற விகிதத்தில் அதன் சமிக்ஞை ஏறினால் சாதாரணச் சிதறல். ஓர் ஆற்றலுக்கு மேல் திடீரென்று செங்குத்தாக ஏறினால் குமிழி தொடங்கிவிட்டது. அதற்குக் கீழே உள்ள அளவீடுகளை மட்டும் உறிஞ்சலுக்குப் பயன்படுத்துங்கள். திறந்த துளையில் அகலமான லென்ஸை மாதிரிக்கு அருகே வைத்துச் சேகரிப்பதும் உதவும், ஆனால் முழுத் தீர்வு ஆகாது. லேசர் தடுப்பானாக இந்தப் பொருளைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இதே குமிழி வரம். அவர்கள் அதைத் தனியாக அளந்து கொண்டாட வேண்டியதுதான். கரைப்பானின் கொதிநிலையும் பரப்பு இழுவிசையும் குமிழியைத் தீர்மானிப்பதால், அங்கே கரைப்பானும் பொருளின் ஒரு பகுதி.

துடிப்பு விகிதத்தை மாற்றுவது. 20 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள இடத்தில் சேர்ந்த வெப்பம் நீரில் பரவிக் கலைய 0.7 மில்லிநொடி அளவு ஆகும் (ஆரத்தின் வர்க்கத்தை, நீரின் வெப்பப் பரவல் குணகத்தின் நான்கு மடங்கால் வகுத்தது). நொடிக்கு 10 துடிப்பு என்றால் இடையே 100 மில்லிநொடி; ஒவ்வொரு துடிப்பும் ஆறிய நீரைச் சந்திக்கிறது. நொடிக்கு 1000 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். நொடிக்கு 8 கோடித் துடிப்பு தரும் ஃபெம்டோநொடி லேசரில், இடைவெளி 12.5 நானோநொடிதான், வெப்பம் அடுக்கடுக்காக ஏறி, கரைப்பானே ஒரு குழிலென்ஸாக மாறிவிடும். துடிப்பு குறுகியது என்பதால் வெப்பம் இல்லை என்று நினைப்பது இந்தத் துறையில் நான் அதிகம் திருத்தும் எண்ணம். துடிப்புப் பொறுக்கியோ (சில துடிப்புகளை மட்டும் விடும் கருவி) இடைமறிக்கும் சக்கரமோ வைத்து விகிதத்தைக் குறையுங்கள். முகடு-பள்ள வித்தியாசம் சுருங்கினால், சுருங்கிய அளவு வெப்பத்துடையது. துடிப்பில்லாத தொடர் லேசரில் அளந்து வாட்டுக்கு 10⁻⁸ சதுர சென்டிமீட்டர் அளவில் பெரிய மதிப்புகள் வருவதும் இதே வெப்பத்தால்தான். அதை எலக்ட்ரான் விளைவோடு ஒரே அட்டவணையில் போடக் கூடாது.

கரைப்பானை மாற்றுவது. மூடிய துளையில் மாதிரி குவியத்தை நெருங்கும்போது முதலில் முகடு, பிறகு பள்ளம் என்றால் ஒளிவிலகல் மாற்றம் எதிர்க்குறி. முதலில் பள்ளம் என்றால் நேர்க்குறி. சூடேறும் திரவம் விரிந்து ஒளிவிலகல் எண் குறைவதால் வெப்பம் எப்போதும் எதிர்க்குறிப் பக்கம் இழுக்கும். நீரில் இந்தக் குறைவு ஒரு பாகைக்குச் சுமார் 10⁻⁴, எத்தனாலில் அதைப்போல நான்கு மடங்கு. ஒரே தகடுகள், ஒரே 70 விழுக்காடு. நீரிலிருந்து எத்தனாலுக்கு மாறியதும் எதிர்க்குறி மதிப்பு பெருகினால் அளப்பது எத்தனாலைத்தான். இதில் இன்னொரு நுணுக்கம்: திரவம் விரிய ஒலி அந்த 20 மைக்ரோமீட்டரைக் கடக்க வேண்டும், நீரில் அதற்கு 13 நானோநொடி. 5 நானோநொடித் துடிப்பு அதற்கு முன்பே கடந்து போய்விடும். நம் அமைப்பில் வெப்ப லென்ஸ் அரைகுறையாகத்தான் உருவாகும், ஆனால் இல்லாமல் போகாது.

பொருத்துதல்

மூடிய துளை வளைகோட்டைத் திறந்த துளை வளைகோட்டால் புள்ளிக்குப் புள்ளி வகுத்தால் உறிஞ்சலின் பங்கு ஏறக்குறைய நீங்கிவிடும். உறிஞ்சல் குழி ஒளிவிலகல் மாற்றத்தைவிட மிகப் பெரிதாக இருந்தால் இந்த வகுத்தல் செல்லாது, முழுக் கணித மாதிரியைக் கணினியில் ஓட்டித்தான் பொருத்த வேண்டும். வகுத்த வளைகோட்டில் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடைத்தூரம் ரேலி நீளத்தைப்போல 1.7 மடங்கு, நமக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கற்றை வட்டமாக இல்லை, அல்லது மாதிரி தடித்தது, அல்லது அது வெப்ப லென்ஸ், எண்ணுக்குப் போகாதீர்கள். இருந்தால், உயர வித்தியாசத்தை 0.406 ஆலும், துளை மறைக்கும் பங்கின் நாலாம் மூலத்தாலும் வகுத்தால் கட்ட மாற்றம் (ஒளியலையின் கட்டம் நகர்ந்த அளவு) வரும். துடிப்பின் காலச் சராசரிக்காக, விளைவு வேகமானது என்றால், இதை 1.41 ஆல் பெருக்குங்கள். அதிலிருந்து குணகம் ஒரு வகுத்தல்தான்.

எழுதும்போது அந்தக் குணகத்துக்குப் பக்கத்திலேயே அலைநீளம், துடிப்பு அகலம், துடிப்பு விகிதம், உச்சச் செறிவு, குவிய ஆரம், கரைப்பான், ஒளி கடக்கும் விழுக்காடு, பொருத்திய ஆற்றல்களின் வரம்பு எல்லாம் இருக்கட்டும். நான்கு சோதனைகளின் வளைகோடுகளையும் இணைப்பில் போடுங்கள், சிதறல் டிடெக்டருடையதை முக்கியமாக.